அடுப்பு எரியாத கோடை

நம் ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். சின்ன வயதிலேயே குடலில் புண் வந்து, அதோடேயே பள்ளிக்கூடம் முடித்து, அதோடேயே கல்யாணம் காட்சி பார்த்து, இப்போது காதோரம் நரைத்துப்போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கி உட்காருகிறோமே, நாம்தான். தாம்பரத்திலிருந்து வண்டலூர் போவதற்குள் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறைச் சாவி கேட்டவுடன் கிடைக்கும் என்பது நமக்கு மனப்பாடம். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. இதற்கே கிழவி மாதிரி பேசுகிறாளே என்று மற்றவர்கள் சிரிக்கலாம். குடலுக்கு எழுபது நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் அந்த ஹாலில் எனக்கு எதிர் வரிசையில் ஓர் இளம் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒன்பது வயது மகள். மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட்டாம். பெண்ணுக்கு அந்தப் பால்மாவு வைத்தியம் நடக்கிறது. ஆறு வாரமோ எட்டு வாரமோ வாயில் ஒரு பருக்கை படாமல், டின்னில் வரும் மாவைக் கரைத்துக் குடித்தே காலம் தள்ள வேண்டுமே, அதுதான். நம்மில் பாதிப் பேர் அதைத் தாண்டி வந்தவர்கள். அந்த அம்மா என்னிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"இவ ஏங்கிடக் கூடாதுன்னு வீட்ல சமைக்கிறதையே நிறுத்திட்டோம் ஆன்ட்டி. ஒரு மாசமா கேஸே ஆன் பண்ணலை. நானும் அவரும் ஆபீஸ்லயே சாப்ட்டுட்டு வந்துடறோம்."

ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தக் குழந்தையைப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த ஸ்டீல் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தலை கவிழ்ப்பு எனக்குத் தெரிந்த ஒன்று.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். அப்பாவுக்கு ஓர் ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அம்மா வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். மெஸ் என்றால் போர்டு, பெஞ்சு எல்லாம் கிடையாது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே வேலை பார்க்கும் ஒண்டிக்கட்டைகள் பதினான்கு பேர், அவர்களுக்குப் பதினான்கு டிபன் கேரியர், அவ்வளவுதான். விடிகாலை ஐந்து மணிக்குப் பற்றும் அடுப்பு பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அணையும். அலாரம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. கடுகு வெடிக்கிற சத்தத்தில்தான் நானும் தங்கையும் எழுந்திருப்போம்.

அந்த அடுப்பு பகலில் எரியாமல் அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். தாத்தா இறந்தபோது. மூன்று நாள் சமையலறைக்குள் யாரும் போகவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டிதான் வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து கொல்லைப்பக்கமாகக் கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. ஏன் சமைக்கவில்லை என்று கேட்டதற்கு, "சாவு வூட்ல அடுப்பு எரியக் கூடாதும்மா" என்று ஆன்ட்டிதான் சொன்னார். வந்தவர்களுக்குக் காபி கொடுக்கவில்லை. அப்பா சவரம் செய்துகொள்ளவில்லை. டிவி மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. வந்தவர்கள் திரும்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் எழுந்து போனார்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. பத்து வயதில் இதெல்லாம் நன்றாகப் பதிந்துவிடும்.

என் வயிறு கெட்ட கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. சாப்பிட்டால் வலி, ஓட்டம், ரத்தம், காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லப் போவதில்லை, உங்கள் ஒவ்வொருவரிடமும் அதில் ஒன்று இருக்கும். வகுப்பில் எல்லாரும் வளர்ந்துகொண்டே போனார்கள், நான் மட்டும் முதல் பெஞ்சிலேயே நின்றுவிட்டேன். உறவுக்காரர்கள் வந்தால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள், "இன்னும் ஆகலையா?" என்று. அம்மா சாம்பார் கரண்டியோடு உள்ளே போய்விடுவாள்.

முதலில் படப்பைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தொக்கம் எடுக்கிற ஓர் அம்மா இருந்தார். எப்போதோ தின்றது உள்ளே சிக்கிக்கொண்டு கிடப்பதுதான் வயிற்று வலிக்கெல்லாம் காரணம், அதை உறிஞ்சி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் போகிற இடம். அவர் என் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, தட்டில் துப்பிக் காட்டினார். வெள்ளையாக ஏதோ ஒரு துணுக்கு. "பரோட்டா. நாலு மாசம் ஆவுது" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கடைசியாகப் பரோட்டா வாங்கித் தந்தது அவர்தான்.

அடுத்து ஒரு டாக்டர் குடலில் டிபி என்றார். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், முதலில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் நிறத்தில் போனது. டிபி ஆஸ்பத்திரியால் பேர் வந்த சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் எதற்கும் போய்வர வேண்டிய ஊர்க்காரர்கள் நாங்கள், டிபி என்ற சொல்லை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேர் வெட்டிய என் எவர்சில்வர் டம்ளரை அம்மா தனியாக எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். அந்த டம்ளர் அதன்பின் அலமாரிக்குத் திரும்பவே இல்லை.

கடைசியில் நகரத்துக்குள் குழந்தைகளின் குடலுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாகத் தெரிந்து மின்சார ரயிலில் போனோம். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து, நோய்க்குப் பெயர் க்ரோன்ஸ் என்றார். தமிழில் என்ன என்று அப்பா கேட்டார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாம். ஆனா வளர்ற வயசு, வளர்த்தி இன்னும் தடைபடும். ஏற்கனவே ரெண்டு வருஷமா இவ உயரமே ஏறலை. எட்டு வாரம் இந்தப் பால் மட்டும் குடிச்சுத் தாக்குப்பிடிச்சான்னா புண் ஆறும், வளரவும் ஆரம்பிப்பா. நடுவுல ஏதாவது சாப்பிட்டா முதல்லேர்ந்துதான். அதுவும் முடியலைன்னா ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும்."

என் பக்கம் திரும்பி, "உன் குடலுக்கு முழுப்பரீட்சை லீவு விடறோம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். நர்ஸ் என்னை எடை பார்க்க வெளியே கூட்டிப்போனார். இருபத்தாறு கிலோ. கதவு பாதி திறந்திருந்தது. "குழந்தையால தாங்க முடியாதும்மா, வீட்ல எல்லாருமாத்தான் சேர்ந்து..." என்பது காதில் விழுந்தது. பிறகு, "தைரியமா இருங்க." அம்மா வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. மாவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது யார் சொன்னார்கள்?

ஏப்ரல் மாதம், பரீட்சை முடிந்த மறுநாள் ஆரம்பித்தோம். அதற்கு முதல்நாளே அம்மா பதினான்கு கேரியர்களையும் கழுவிக் கவிழ்த்து, உரியவர்களிடம் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். சிலிண்டரை மூடி, அடுப்பின் மேல் செய்தித்தாளை விரித்தாள். மாவுக்கு வெந்நீர் வேண்டுமே என்று அப்பா ஒரு கரண்ட் கெட்டில் வாங்கி வந்தார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஜன்னலோர டம்ளர் நிறைய. ஐஸ்கிரீம் கடை வாசலில் வருகிற அதே வெனிலா வாசனை. குடித்தால் நாக்கில் சுண்ணாம்பு பூசியது போல ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் யாராவது வெனிலா கேக் வெட்டினால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன்.

முதல் வாரம் பசி. அதன்பின் பசி போய்விட்டது, கடிக்க வேண்டும் போலிருந்தது. துண்டின் நுனியைக் கடித்தேன், சட்டைக் காலரைக் கடித்தேன், பென்சிலைக் கடித்ததற்கு அம்மாவிடம் உதை வாங்கினேன். வலி மட்டும் மெல்ல மெல்ல விலகியது. யாரும் அதைக் கொண்டாடவில்லை. எல்லாரும் எதையோ எதிர்பார்த்துப் பதுங்கியே நடந்தார்கள்.

வீட்டில் வாசனையே இல்லை. பினாயில் வாசனை, வெனிலா வாசனை, அவ்வளவுதான். சாப்பாட்டு விளம்பரம் வருகிறது என்று டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா வெளியே எங்கோ சாப்பிட்டுவிட்டு, வாயில் சோம்பு மென்றுகொண்டே வருவார். அவர் திருப்போரூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டுதான் தாடி வளர்க்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி தினமும் மத்தியானம் கேரியரைத் துண்டால் மூடிக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டுப் போவார். அம்மா மோட்டார் ரூமுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கேரியர் மூடியிலேயே போட்டுக்கொண்டு, நாலு வாயில் அள்ளிப் போட்டுவிட்டு எழுவாள். குளியலறை ஜன்னல் கம்பி வழியாக நான் பார்ப்பேன்.

தங்கைக்கு ஏழு வயது. அவளை எதிர்வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், வாய் கொப்புளிக்க வேண்டும், நான் கேட்டால் விளையாடினேன் என்று சொல்ல வேண்டும். சோப்பு போட்டாலும் போகாது. நான் அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பேன்.

"ரசம். அப்புறம்... உருளைக்கிழங்கு."

"இல்லக்கா. விளையாடினேன்."

"கருவேப்பிலை வாசனை வருதுடி."

அவள் அழுதுவிடுவாள். ஏழு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கினார்கள். பாவம், அவளுக்கு அது வரவே இல்லை.

மூன்றாவது வாரம் அத்தை வந்தாள். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்காமல் எங்கள் அம்மாவால் இருக்க முடியாது. அன்று கேட்கவில்லை. காபியும் தரவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணை மூடியிருந்தேன். இருவரும் வாசலோரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு கேட் திறக்கிற சத்தம். எழுந்து பார்த்தால் அத்தை தெருக்கோடிக்குப் போய்விட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். அடுப்பு, கேரியர், தாடி, டிவி, காபி, இப்போது அத்தை. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

நான் சாகப்போகிறேன். அதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருந்த பயத்தை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது. மத்தியான வெயிலில் தண்ணீர் லாரி தெருவுக்குள் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன், தாத்தாவை எடுத்துப்போன வண்டி அப்படித்தான் பின்பக்கமாக வந்தது. டம்ளரை நீட்டினால் மறுபேச்சில்லாமல் குடித்தேன். எவ்வளவு சமர்த்து என்று அம்மா ஆன்ட்டியிடம் சொன்னாள்.

பிறகு என் சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் தங்கைக்கு. ஸ்கெட்ச் பேனாவும் அவளுக்கே. அப்பா வாங்கித் தந்த கறுப்பு வாட்ச்சை அவர் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டேன். ஸ்டிராப் பெரிதாக இருக்கிறது போல என்று அவர் கடையில் கொண்டுபோய் இன்னும் ஓட்டை போட்டு வந்தார். யாருக்கும் எதுவும் புரியவில்லை.

மிச்சம் இருந்தது பட்டுப்பாவாடை. பச்சை, அரக்கு பார்டர். பதினொரு வயதில் சித்தி கல்யாணத்துக்குத் தைத்தது. வளர வளரப் பிரித்துவிடலாம் என்று டெய்லர் உள்பக்கம் இரண்டு மடிப்பு வைத்திருந்தார். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் தைப்பார்கள். இரண்டு வருடத்தில் ஒரு மடிப்பையும் பிரிக்க வேண்டி வரவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டியின் பெண் என் வகுப்புதான், என்னைவிட ஒரு சாண் உயரம், அந்தப் பாவாடை மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கண். ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்கா? எதுக்குடி?"

"சும்மாதான். மடிப்பைப் பிரிச்சா உனக்கு சரியா இருக்கும்."

அவள் அதைத் தன் அம்மாவுக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு, முப்பத்தேழாவது நாள். காலண்டரில் அம்மா கோடு போட்டுக்கொண்டே வந்ததால் கணக்குத் தப்பாது. எதிர்வீட்டு அங்கிள் ஞாயிறு என்றால் ஸ்கூட்டரில் கோவளம் போய்ப் படகிலிருந்து மீன் வாங்கி வருவார். அன்று மத்தியானம் ஆன்ட்டி கேரியரை வைத்துவிட்டுப் போன நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. அம்மா குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பா வீட்டில் இல்லை. நான் கொல்லைக்குப் போய்த் துண்டை விலக்கினேன்.

சங்கரா மீன் குழம்பு, மாங்காய் போட்டு. மேல்தட்டைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து அறைந்தது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா சொன்னது நினைவு இருந்தது, முதலிலிருந்து. ஆனால் சாகப்போகிறவளுக்கு எது முதல், எது கடைசி? விரலை விட்டு ஒரு மாங்காய்த் துண்டை எடுத்தேன். தோலோடு, குழம்பு சொட்டச் சொட்ட.

"அக்கா!"

பின்கதவில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"வேணாம்க்கா. அம்மா அடிப்பாங்க. சாப்ட்டா நீ செத்துப்போயிடுவேக்கா."

"சாப்டாட்டியும் நான் சாவத்தாண்டி போறேன்" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் போட்ட கூச்சல் லாரிக்காரனுக்குக் கேட்டிருக்கும். "அம்மா! அக்கா சாவப்போறாளாம்!"

அம்மா குடத்தை எங்கே போட்டாள் என்று தெரியாது. முழங்கால் வரை நனைந்த புடவையோடு வந்தவள், என் தாடையைப் பிடித்துத் திறந்து, இரண்டு விரலை விட்டுத் துண்டைத் தோண்டி எடுத்தாள். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே துழாவினாள். விரலில் லாரி ஹோஸின் ரப்பர் நாற்றம்.

"முழுங்கிட்டியா? சொல்லுடி, முழுங்கிட்டியா?"

"இல்ல."

முதுகில் ஒன்று வைத்தாள். உடனே அதே இடத்தைத் தேய்த்தாள்.

"முப்பத்தேழு நாளுடி. முப்பத்தேழு நாளைத் தண்ணியில போடப் பாத்தியே. அவகிட்ட இன்னா சொன்னே? யாரு சாவப்போறா?"

எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்ததோ. ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே சொன்னேன்.

"அடுப்பு எரியல. எதிர்வீட்லேர்ந்து சோறு வருது. டிவி போடல. அப்பா சேவிங் பண்ணல. வர்றவங்களுக்கு காப்பி குடுக்கல. அத்தை சொல்லிக்காம போச்சு. தாத்தாவுக்கு எல்லாம் செத்த அப்புறம் பண்ணீங்க. எனக்கு முன்னாடியே பண்றீங்க."

அம்மா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். "நீ ஏங்கிடுவேன்னுதானேடி..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. தங்கை விசும்புவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே லாரிக்காரர் யாருடைய குடம் என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. நான் அவளை ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு எழுந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். அடுப்பின் மேலிருந்த செய்தித்தாளை உருவி எறிந்தாள். சிலிண்டரைத் திறந்தாள். லைட்டர் பற்றவில்லை, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினாள். நமுத்துப்போன குச்சி நாலு உடைந்தது. ஐந்தாவது பற்றியது. நீலமாக அந்தத் தீ வட்டம் எழுந்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "எரியுதா? கண்ணால பாத்துக்கோ" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அதை விட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

வீட்டில் காய்கறி எதுவும் இல்லை. புளி இருந்தது, மிளகு இருந்தது, பருப்பு இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, பேய் வெயிலில், எங்கள் வீட்டில் மிளகு ரசம் கொதித்தது. நெய்யில் கடுகு வெடித்தபோது தங்கை அழுகையை நிறுத்தினாள். அம்மா ரசத்தை நுரை கட்ட விட்டு இறக்கினாள். தட்டை விலக்கி என் முகத்தை அதன்மேல் குனியவைத்தாள்.

"மோந்து பாரு. உப்பு இருக்கா?"

படையலுக்குச் சமைக்கும்போது வாயில் வைத்து உப்பு பார்க்கக் கூடாது, வாசனையில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு அது கைவந்த கலை. அன்றைக்கு எனக்கும் அதே சட்டம். ஆவி மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

"கம்மி" என்றேன்.

அம்மா ஒரு சிட்டிகை போட்டாள். ரசம் வாயில் வைக்க முடியாத கரிப்பு என்று தங்கை பிற்பாடு சொன்னாள். ஆனாலும் இருவரும் எனக்கு எதிரிலேயே தட்டு வைத்து உட்கார்ந்து, முழுக்கச் சாப்பிட்டார்கள். நான் டம்ளரோடு கூட உட்கார்ந்தேன். முப்பத்தேழு நாளில் அன்றைக்குத்தான் அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டேன்.

அப்பாவிடம் அம்மா என்ன சொன்னாளோ, மறுநாள் காலை அவர் தாடியை வழித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். தாடை இரண்டு நிறத்தில் இருந்தது. "நேர்த்திக்கடன் என்னாச்சுப்பா?" என்று கேட்டேன். "முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். டிவி ஒயரையும் திரும்பச் செருகினார்கள். ஒரு வாரத்தில் ஆறு கேரியர்கள் திரும்பி வந்தன. மீதி எட்டுப் பேர் வேறு இடத்தில் பழகிவிட்டார்கள், அதற்காக அம்மா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஐம்பத்தாறு நாளையும் தாண்டினேன். டாக்டரம்மா எடை முள்ளைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையைக் குலுக்கினார். மாங்காயைப் பற்றி அம்மா அவரிடம் மூச்சு விடவில்லை. அந்தப் புளிப்புச் சாறு கொஞ்சம் உள்ளே போய்த்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

நம் நோய் போகிற நோய் இல்லை. பிறகும் வந்தது, படுத்தியது, ஒரு ஆபரேஷனும் ஆயிற்று. டம்ளர் எந்த வீடு மாறும்போதோ தொலைந்தது. அம்மாவிடம் எனக்கு அந்தக் கோடையைப் பற்றிக் கோபம் இல்லை. தன் பிழைப்பையே மூடிவைத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் குந்தித் தின்றவளிடம் என்ன கோபம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். ஏன் அணைக்கிறோம் என்று சொல்லிவிட்டு அணைத்திருக்கலாம்.

மேடவாக்கத்து அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. டோக்கன் நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள். "வீட்டுக்குப் போய் இன்னிக்கே ஒரு ரசம் வைம்மா. தாளிக்கிற சத்தம் இவளுக்குக் கேக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குழந்தை பாட்டில் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டு, முதல்முறையாக நிமிர்ந்தது. "நெஜம்மாவா?" என்றது, என்னிடம் இல்லை, அதன் அம்மாவிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. ரசம் வைத்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தாளித்த வாசனை பிடித்துக்கொண்டோ என்னவோ எதிர்வீட்டு ஆன்ட்டி வேகமாக உள்ளே வந்தார். கையில் என் பாவாடை.

"இன்னாம்மா இது? உம்பொண்ணு பட்டுப்பாவாடைய எடுத்துனு வந்து எம்பொண்ணு கைல குத்துட்டு போயிகீது. கட்லுக்கு அடில ஒளிச்சி வச்சிகீறா இவ. எனக்கு ஒரே பேஜாராப் பூட்ச்சி. இந்தா, புடி."

அம்மா பாவாடையை வாங்கினாள். நான் ஏன் கொடுத்தேன் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சற்று நேரம் அதன் பார்டரையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, என் இடுப்பில் வைத்துப் பிடித்து, கீழே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ஒம்பொண்ணே கட்டிக்கட்டும் அக்கா. ரெண்டு மடிப்பையும் பிரிச்சாலும் இவளுக்கு இது பத்தாது. இவ வளந்துடுவா."

நானும் குனிந்து பார்த்தேன். மடிப்புகள் பிரிக்கப்படாமல், பாவாடை என் கணுக்காலில் சரியாக நின்றது. அந்தக் கோடையில் வீட்டில் எல்லாரும் எனக்காக எத்தனையோ பொய் சொன்னார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் நம்பினேன்.

இப்போது என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.